உபயோகித்த சாமான்களை இணையத்தில் வாங்கலும் விற்றலும்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் கல்வி நிதிக் காரியதரிசி நிகழ்த்திய பிரசங்கம்)



இக்கூட்டத்தில் பேசுவதற்காக எனக்குக் கொடுக்கப்பட்ட விஷயம் வேறு. கல்வி நிதியின் வரவு செலவைப் பற்றி அரைமணி நேரம் பேசும்படி அக்கிராசனர் அவர்கள் கட்டளையிட்டிருந்தார்கள். கணக்கு அச்சிட்ட தாளாக உங்கள் கைகளில் இருக்கின்றது. அதை நான் வாசித்துக் காட்டுவதால் நிதியில் ஒரு ரூபாயும் கூடப் போவதில்லை. ஆதலின், அக்கணக்கில் ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் பின்னால் இருக்கும் வரலாற்றைச் சொல்ல உத்தரவு பெற்றுக்கொண்டேன். அது பதினேழாவது வரி. “மடிக்கணினி வாங்கக் கடன், ரூ. 35,000” என்று இருக்கும்.

அக்கடனைப் பெற்றவர் நம் அங்கத்தினர் ஒருவருடைய மனைவியார். கணவர் காலமாகி ஆறு வருஷங்கள் ஆகின்றன. தையல் வேலை செய்து குடும்பத்தை நடத்தி வருகின்றார். மகன் பொறியியற் கல்லூரியில் இரண்டாம் வருஷத்து மாணவன். அவர் இச்சபையில் இருக்கின்றாரா என்று யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். பெயரைச் சொல்லாமல் நடந்ததை மட்டும் சொல்லும்படி அவரே எனக்கு அனுமதி அளித்திருக்கின்றார்.

பையனுடைய படிப்புக்கு ஏற்ற புதிய மடிக்கணினி ரூ. 60,000க்குக் குறையாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். உபயோகித்த பொருள்களை விளம்பரம் செய்யும் இணையத் தளம் ஒன்றில் அதே ரகம் ரூ. 24,000க்குக் கிடைத்தது. விற்பவன் தான் இராணுவத்தில் பணி புரிவதாகவும், திடீரென்று காஷ்மீரத்துக்கு மாற்றலாகிவிட்டதால் சாமான்களை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் புறப்படுவதாகவும் சொன்னான். சீருடையில் எடுத்த படத்தையும் அடையாளச் சீட்டின் படத்தையும் அனுப்பினான். நேரில் வந்து பார்க்கலாமா என்று இந்த அம்மையார் கேட்டதற்கு, முகாமுக்குள் வெளியார் வர இடமில்லை, இராணுவ பார்சல் வண்டியில் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறேன் என்று மரியாதையாகப் பதில் உரைத்தான். முதலில் பார்சல் கூலி ரூ. 2,500. அடுத்து விலையில் ஒரு பகுதி ரூ. 8,000. பிறகு ஜி.எஸ்.டி. வரி என்று ரூ. 6,500. வண்டி புறப்பட்டுவிட்டது, நீங்கள் பணம் அனுப்பத் தாமதித்ததால் அபராதம், சாமான் வந்து சேர்ந்ததும் திரும்பக் கிடைக்கும் என்று ரூ. 9,000. கடைசியில் எதற்கென்று இவருக்கே விளங்காத ஒரு ரூ. 5,500. இரண்டு நாட்களில் ஐந்து தவணையாக ரூ. 31,500 போய்விட்டது. மூன்றாம் நாள் அந்த எண் அணைந்து கிடந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என் மனத்தை மிகவும் வருத்தியது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகனிடம், கம்பெனியில் சாமான் தீர்ந்துவிட்டது, அடுத்த மாதம் வரும் என்றார். நம் நிதிக்குச் செலுத்த வேண்டிய மாதத் தவணையைத் தேதி தவறாமல் செலுத்தினார். இராத்திரி பதினோரு மணி வரையில் தைத்தார். நாற்பது நாட்களுக்குப் பிறகு பையன் அம்மாவின் கைப்பேசியில் அச்சம்பாஷணைகளைப் படித்துவிட்டு என் வீட்டுக்கு வந்து அழுதான். அவன் சொல்லியிராவிட்டால் பதினேழாவது வரி ஒழுங்காக வசூலாகும் கடனாகவே என் கணக்கில் இருந்திருக்கும்.

நிர்வாக சபையில் இச்செய்தி வந்தபோது, இது பேராசையினால் வந்த நஷ்டம் என்று ஒரு கனவான் சொன்னார். அவர் நல்லெண்ணத்துடனேயே சொன்னார். ஆயினும் அதை நான் ஒப்பவில்லை. அறுபதினாயிரம் இல்லாதவர் இருபத்துநாலாயிரத்துக்குக் கிடைப்பதைத் தேடுவது பேராசையாகுமா? கைவசமிருக்கும் பணத்துக்குள் பிள்ளையைப் படிக்கவைக்க நினைப்பது சிக்கனம். அச்சிக்கனத்தைப் பயன்படுத்திக்கொண்டு அவளை மோசம் செய்திருக்கிறான் வஞ்சகன்.

நிற்க. அவன் ஏன் இராணுவ வீரனாக வேஷம் போட்டான் என்று யோசியுங்கள். இந்த வேஷம் புதிதன்று. பல நகரங்களில் போலீஸார் பல வருஷங்களாக எச்சரித்து வருவது. போர் வீரனிடம் நமக்குள்ள மரியாதை ஒரு காரணம். அதைக் காட்டிலும் பெரிய காரணம் வேறு இருக்கின்றது. உபயோகித்த பொருளை வாங்க வருபவன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: விலை ஏன் இவ்வளவு குறைவு? ஏன் நேரில் காட்டவில்லை? ஏன் முன்பணம்? மாற்றலாகிவிட்டது என்ற ஒரே பொய்யானது இம்மூன்றுக்கும் விடை சொல்லிவிடுகின்றது. நாளை இராணுவ வேஷம் பழசாய்ப் போனால், வெளிநாட்டுக்குப் புறப்படும் டாக்டர் வருவார். காலமான தந்தையின் காரை விற்கும் மகள் வருவாள். வேஷத்தை மனப்பாடம் செய்துகொண்டு தப்பிக்க முடியாது. எந்த வேஷமும் முடிவில் நம்மை ஒரே இடத்துக்குத்தான் இழுத்து வருகின்றது. பொருளைப் பாராமல் பணத்தை அனுப்பு என்பதே அந்த இடம்.

நம் பாட்டனார் காலத்தில் உபயோகித்த பொருள்களிலெல்லாம் விலையுயர்ந்தது உழவு மாடு. மாட்டுச் சந்தையில் வஞ்சகம் இல்லையென்று நினைப்பவர்கள் சந்தையைப் பார்த்திராதவர்கள். கிழட்டு மாட்டுக்குக் கொம்பைச் சீவி எண்ணெய் தடவி இளங்காளையாக்குவார்கள். நொண்டியை நிற்கவைத்தே விலை பேசுவார்கள். ஆயினும் வாங்குபவர் வாயைத் திறந்து பல் பிடித்துப் பார்ப்பார். இரண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா, கடைசேர்ந்ததா என்று வயது தெரிந்துவிடும். சுழி பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். விலையோ, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவது. பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. அவ்வளவு இரகசியமான பேரத்திலும் மூன்று விஷயங்கள் பகிரங்கமாக இருந்தன. மாடு அங்கே நின்றது. பணம் மடியில் இருந்தது. விற்பவன் எதிரே நின்றான். அவன் எந்த ஊரான் என்று தரகருக்குத் தெரியும். மாட்டைக் கண்ணால் காணாமல் அச்சாரம் கொடுத்தவர் என்று ஒருவரை என் பாட்டனார் கதையாகக்கூடச் சொன்னதில்லை.

இணையம் செய்திருப்பது என்னவெனில், பொருளையும் பணத்தையும் ஆளையும் மூன்று வேறு இடங்களில் நிறுத்திவிட்டது. அதனால் பெரிய நன்மையும் உண்டு. திருநெல்வேலியில் இருப்பவர் கோயமுத்தூரில் விற்கும் தையல் இயந்திரத்தைப் பற்றி அறிய முடிகின்றது. தரகுக் கூலி மிச்சமாகின்றது. நான் இணையத்தைப் பழித்துப் பேச வரவில்லை. விளம்பரத்தைப் பார்ப்பதற்கும் விசாரிப்பதற்கும் அதை உபயோகியுங்கள்; கிரயம் முடிக்கும் வேளையில் அம்மூன்றையும் மறுபடி ஓரிடத்தில் சேர்த்துவிடுங்கள். பகல் வேளை, ஜனங்கள் நடமாடும் இடம், கூட ஒரு துணை. பொருளைக் கையில் எடுத்துச் சோதித்த பிறகே பணம். அதற்கு இசையாத விற்பவர் நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் யோக்கியராகவே இருந்தாலும், அவரிடம் நாம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

வாங்குபவர்தாம் ஏமாறுவார், விற்பவருக்கு என்ன பயம் என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ணியவர்களில் நானும் ஒருவன். முப்பத்தொரு வருஷம் கணக்கெழுதிய உத்தியோகம்; பிறர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கினவன். எங்கள் வீட்டில் பித்தளைச் சங்கிலியோடு ஒரு தேக்கு ஊஞ்சல் இருந்தது. சிறிய வீட்டுக்குக் குடிபோனபோது அதை மாட்ட இடமில்லை. ரூ. 35,000 என்று விளம்பரம் போட்டேன். பத்து நிமிஷத்தில் ஒருவன் கூப்பிட்டான். பேரமே பேசவில்லை, எதிரே வந்து ஊஞ்சலைப் பார்க்கவும் கேட்கவில்லை. வாங்குகிறவன் பேரம் பேசாத இடத்தில் எனக்கு அப்போதே சந்தேகம் தோன்றியிருக்க வேண்டும். “ஐயா, பெரியவரிடம் என்ன பேரம்!” என்றான், நானும் மகிழ்ந்து போனேன்.

முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி, கணக்கு சரிதானா என்று பார்க்க முதலில் ஒரு ரூபாய் அனுப்பினான். அந்த ஒரு ரூபாய் உண்மையாகவே வந்து சேர்ந்தது. பிறகு கட்டம் கட்டமாக இருக்கும் க்யூ.ஆர். குறியொன்றை அனுப்பி, இதை உங்கள் கைப்பேசியில் காட்டினால் ரூ. 10,000 உங்கள் கணக்கில் ஏறும் என்றான். காட்டினேன். இரகசிய எண்ணைக் கேட்டது, இட்டேன். பதினாயிரம் ஏறவில்லை, இறங்கிற்று. தப்பாகிவிட்டது, திருப்பி அனுப்புகிறேன், இன்னொரு முறை காட்டுங்கள் என்று அவன் சொன்னபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. ஊஞ்சல் இன்னும் விலைபோகவில்லை. என் மருமகள் அதைப் “பதினாயிர ரூபாய் ஊஞ்சல்” என்று அழைக்கிறாள்.

இந்த யு.பி.ஐ. என்னும் ஏற்பாடு 2016ஆம் வருஷம் தேசியப் பணச் செலுத்துக் கழகத்தாரால் நம் தேசத்தில் தொடங்கப்பட்டது. அதன் இரகசிய எண் நம் பெட்டியின் சாவி போன்றது. நம் பெட்டியிலிருந்து பணத்தை எடுப்பதற்கு அது வேண்டும். பிறர் நம் பெட்டியில் பணம் போடுவதற்கு வேண்டியதில்லை. க்யூ.ஆர். குறியைக் காட்டிப் பணத்தைச் செலுத்தலாமேயன்றிப் பெற முடியாது. பெறுபவர் தம்முடைய குறியைப் பிறருக்குக் காட்டுவார், அல்லது எண்ணைச் சொல்வார், அவ்வளவே. ஆகையால் பணம் வரப்போகிறது என்று ஒருவன் சொல்லும் வேளையில் திரை இரகசிய எண்ணைக் கேட்டால், அக்கணமே கைப்பேசியைக் கீழே வைத்துவிட வேண்டும். தனி மனிதர் ஒருவர் மற்றொருவரிடம் “பணம் தருக” என்று யு.பி.ஐ. மூலம் கோரிக்கை அனுப்பும் வசதியைப் பலர் ஏமாற்றுக்குப் பயன்படுத்தியபடியால், 2025 அக்டோபரில் அதை நிறுத்திவிட்டார்கள். அதனால் ஒரு வழி அடைபட்டது. மற்ற வழிகள் திறந்தே இருக்கின்றன.

அவற்றில் ஒன்று பொய்ச் சீட்டு. பணம் அனுப்பிவிட்டேன் என்று திரைப்படத்தைக் காட்டுவார்கள்; வங்கியிலிருந்து வந்ததுபோலக் குறுஞ்செய்தியும் வரும். ரூ. 5,000க்குப் பதிலாக ரூ. 50,000 அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்புங்கள், ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்திருந்த பணம் என்று கதறுவார்கள். குறுஞ்செய்தியை யாரும் எழுதலாம். படத்தை யாரும் வரையலாம். உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து இருப்புத் தொகையைப் பார்த்த பிறகு பேசுங்கள். சிலர் உதவி செய்வதாகச் சொல்லி, உங்கள் கைப்பேசியின் திரை அவர்களுக்குத் தெரியும்படியான ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். அதற்கு இசைவது, பெட்டியைத் திறக்கும்போது கள்ளனைத் தோளோடு நிறுத்திக்கொள்வதாகும்.

இனி, நேரில் பார்த்து வாங்கினாலும் வரக்கூடிய கஷ்டத்தைச் சொல்கிறேன். பொருள் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் விற்பவனுடையதாக இராது. கைப்பேசியில் இது மிகுதி. 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி, பொதுவில், விற்பவனுக்கு இல்லாத பாத்தியதை வாங்குபவனுக்கு வராது. திருட்டுப் பொருளுக்கு நீங்கள் முழு விலை கொடுத்திருந்தாலும், சொந்தக்காரர் வந்து கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, நம்பத்தக்க காரணமிருந்தோ கபடமாக வாங்கினவர்மீது குற்ற வழக்கும் உண்டு. பத்தாயிரம் பெறும் பொருளை இரசீதில்லாமல் இரண்டாயிரத்துக்கு வாங்கிவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று போலீஸாரிடம் சொல்லிப் பாருங்கள்!

ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஐ.எம்.இ.ஐ. என்னும் 15 இலக்க எண் ஒன்று உண்டு. *#06# என்று அழுத்தினால் திரையில் தோன்றும். பெட்டியிலும் இரசீதிலும் இருக்கும் எண் அதுதானா என்று ஒத்துப் பாருங்கள். மத்திய சர்க்கார் 2023ஆம் வருஷம் ஏற்படுத்திய சஞ்சார் சாத்தி என்னும் தளத்திலும் செயலியிலும் அவ்வெண்ணை இட்டால், அக்கருவி தடை செய்யப்பட்டதா, ஒரே எண் பல கருவிகளில் உலவுகின்றதா என்று தெரியவரும். செயலி இல்லாதவர்கள் கே, ஒய், எம் என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களை எழுதி, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணையும் எழுதி 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாலும் விடை வரும். இதற்கு இரண்டு நிமிஷம் போதும். அன்றியும், விற்பவர் தம்முடைய கூகிள் அல்லது ஆப்பிள் கணக்கை உங்கள் கண்ணெதிரே நீக்கி, கருவியைப் புதிதுபோல் துடைத்துத் தரவேண்டும். அவர் கணக்கு உள்ளேயே இருந்தால், சில நாள் கழித்து அக்கருவி பூட்டிக்கொள்ளும்; கையில் இருப்பது வெறும் கண்ணாடித் துண்டாகும். மடிக்கணினிக்கும் இது பொருந்தும். அதன் மின்கலம், திரை, விசைகள், கீல் எல்லாவற்றையும் அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது மாட்டை வீட்டுக்கு ஓட்டி வந்து பல் பார்ப்பதைப் போன்றது.

நம்மவர் குடும்பங்களில் மிகப்பெரிய தொகை புரளுவது பழைய மோட்டார் வண்டிகளில்தான். பதிவுச் சான்றிதழில் கண்ட எஞ்சின் எண்ணையும் சட்ட எண்ணையும் வண்டியிலேயே குனிந்து பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். இது வெயிலில் அழுக்குப்படும் வேலை. மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், அவருக்குக் கொடுக்கும் கூலி வீணாகாது. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணை இட்டால் பதிவு விவரமும், இன்ஷ்யூரன்ஸ் நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும். வண்டியின்மேல் கடன் இருந்தால் அது பதிவில் கண்டிருக்கும். கடன் தீர்ந்துவிட்டது என்ற வாய்ச்சொல் போதாது. கடன் கொடுத்த கம்பெனியார் கையெழுத்திட்ட 35ஆம் நமூனா வேண்டும். ஓடிய மைல் காட்டும் கருவியைத் திருப்பி வைப்பது மிகவும் சுலபமான வேலையாதலால், அதிலுள்ள எண்ணைப் பார்த்து விலை நிர்ணயிக்காதீர்கள். சர்வீஸ் செய்த இடத்துச் சீட்டுக்களைக் கேளுங்கள்.

வண்டியை விற்பவர்களுக்கு நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனித்துக் கேட்க வேண்டும். சாவியைக் கொடுத்துப் பணத்தை வாங்கியவுடன் நம் பொறுப்பு தீர்ந்தது என்று இச்சபையிலேயே பலர் நினைத்திருப்பீர்கள். வட இந்தியாவில் ஒருவர் 2007ஆம் வருஷம் தம் காரை விற்றார். அது கைக்குக் கை மாறிப் பலரிடம் சென்றது. 2009ஆம் வருஷம் அக்கார் பின்புறமாக ஓட்டப்பட்டபோது இருவர்மேல் மோதிற்று. அவர்களில் ஒரு சிறுவன் இறந்தான். வண்டிப் பதிவில் இருந்ததோ முதலில் விற்றவருடைய பெயர். நான் வண்டியை முன்பே விற்றுவிட்டேன் என்று அவர் வாதாடினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரையில் சென்று 2018இல் தீர்ப்பாயிற்று. பதிவில் யார் பெயர் இருக்கின்றதோ அவரே சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர்; விபத்தில் அடிபட்டவர்கள் வண்டி கைமாறிய சங்கிலியைத் தேடிக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்று நீதிபதிகள் சொல்லி, நஷ்ட ஈட்டை அந்த முதல் மனிதர்மேலேயே சுமத்தினார்கள். வாங்கியவர்கள் யாரும் அவரை ஏமாற்ற நினைத்ததாகக்கூடத் தெரியவில்லை. பெயர் மாற்றம் செய்யாத சோம்பல்தான்.

ஆதலின் வண்டியை ஒப்புவிக்கும்போதே 29ஆம் நமூனாவிலும் 30ஆம் நமூனாவிலும் இருவரும் கையெழுத்திட்டு, மாற்றத்தைப் பதிவதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். ஒரே மாகாணத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டுமென்று 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் கூறுகின்றது. நிரப்பாத நமூனாவில் வெறுங்கையெழுத்துப் போட்டு வியாபாரியிடம் கொடுத்துவிட்டு வரும் பழக்கத்தை நம்மவர் விட்டொழிக்க வேண்டும். வாங்கியவருடைய அடையாளச் சீட்டின் நகலில் தேதியும் மணியும் எழுதி அவர் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாறியதைச் செயலியில் கண்ட பிறகே உறங்குங்கள்.

எல்லாம் சொல்லியும் ஒருவர் ஏமாறக்கூடும். நான் ஏமாறினேன் என்று மேடையேறிச் சொல்லிவிட்டேனாதலால், இனி இச்சங்கத்தில் இதை மறைப்பதற்கு ஒருவருக்கும் காரணமில்லை. ஏமாந்தது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். நான் மேலே சொன்ன சட்டத்தின் வருஷமும் இதுவாகையால் ஞாபகம் வைத்துக்கொள்வது எளிது. பணம் போன வங்கிக்கு அங்கிருந்து செய்தி அனுப்பி, வஞ்சகன் அதை எடுப்பதற்கு முன் நிறுத்திவைக்க முயல்வார்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று மணிக்கு மணி ஓடிக்கொண்டிருக்கும். ஆகையால் இதில் அரைமணி நேரத்துக்கும் மதிப்பு உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் எழுதிப் பதிவு செய்யுங்கள். நம் வங்கிக்கும் உடனே அறிவியுங்கள். சம்பாஷணைகளையும் எண்களையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், அவையே சாட்சி.

நான் பதினாயிரத்தை இழந்த அன்று இரவு முழுவதும் வெட்கப்பட்டுக்கொண்டு படுத்திருந்துவிட்டு, மறுநாள் பிற்பகலில் கூப்பிட்டேன். ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த அம்மையார் நாற்பது நாட்கள் காத்தார்; அங்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் அனுப்புங்கள் என்று ஒருவன் பிறகு அவரைக் கூப்பிட்டான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஏமாந்தவரின் எண்ணை வைத்துக்கொண்டு மறுமுறையும் வலை வீசுவார்கள். வங்கியின் உதவி எண்ணை இணையத்தில் தேடி எடுப்பதும் ஆபத்து; பொய் எண்களை அங்கே போட்டு வைத்திருப்பார்கள். பாஸ் புத்தகத்திலும் அட்டையின் பின்புறத்திலும் இருப்பதை உபயோகியுங்கள்.

இனி நிர்வாக சபை தீர்மானித்த ஏற்பாட்டைத் தெரிவித்து அமர்கிறேன். நமது சங்க மண்டபம் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரையில் திறந்திருக்கும். உபயோகித்த கைப்பேசி, கணினி, தையல் இயந்திரம், வண்டி முதலியவற்றை இணையத்தில் பேசி முடித்தவர்கள், மற்றத் தரப்பாரை அங்கே வரச்சொல்லி, பொருளைச் சோதித்துக் கிரயம் முடித்துக்கொள்ளலாம். அவர் நம் சங்கத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. கணினி தெரிந்த நம் இளைஞர் இருவரும், மோட்டார்ப் பட்டறை வைத்திருக்கும் அங்கத்தினர் ஒருவரும் கூலியின்றிப் பார்த்துச் சொல்ல இசைந்திருக்கின்றனர். 29, 30ஆம் நமூனாக்கள் மேசையில் இருக்கும். கல்வி நிதியிலிருந்து உபயோகித்த பொருளுக்குக் கடன் பெறுபவர்களுக்கு இனிப் பணத்தை முன்னதாகக் கொடுப்பதில்லை. பொருள் மண்டபத்துக்கு வந்து, இளைஞர்கள் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு, விற்பவருடைய கணக்குக்கே நேராக அனுப்புவோம். இது சிலருக்கு அசௌகரியமாக இருக்கும். அதற்காக என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

பதினேழாவது வரியில் மிச்சமுள்ள தவணைகளை ஒரு வருஷம் ஒத்திவைத்திருக்கிறோம். தள்ளுபடி செய்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அந்த அம்மையார் ஒப்பவில்லை. பையனுக்கு நம் அங்கத்தினர் ஒருவர் தம் மகன் உபயோகித்த மடிக்கணினியை இதே மண்டபத்தில் வைத்து, எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டி, ரூ. 15,000க்குக் கொடுத்திருக்கின்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் அம்மேசையில் தாய்மார் நால்வர் அமர்ந்து, வருகிறவர்களின் பெயரையும் சாமானையும் குறித்துக்கொள்வார்கள். அந்நால்வரில் ஒருவர் அவர்தாம். யார் என்று கேளாதீர்கள்.